வெளிச்சவீட்டைத் தாங்கிய கை

"…கடையிலை வாங்கின படம், அந்தக் கை ஆரின்ரை கையெண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும் எண்டு சொல்லு. அப்பிடி ஒரு தம்பி எனக்கு இல்லையெண்டும் சொல்லு, பிள்ளை. வடிவா விளங்கச் சொல்லு."

அம்மா இதைச் சொன்னபோது, எங்கள் அறையில் ஆடாமல் நிற்கும் ஒரேயொரு கதிரையில் ஒரு ஜெர்மன் பொலிஸ்காரர் உட்கார்ந்திருந்தார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்திருந்தார். பின்னேரம் நாலு மணியிருக்கும். அம்மா கட்டிலின் ஓரத்தில் இருந்தார். இருவருக்கும் நடுவே, பாடசாலையால் வந்த சப்பாத்தோடு, பதினொரு வயதில் நான். பொலிஸ்காரரின் தலைக்கு மேலே சுவரில் ஒரு படம். கடற்கரையில் உயரமான ஒரு வெளிச்சவீடு. அதன் அடியில், முழுக் கோபுரத்தையும் ஏந்திப் பிடித்ததுபோல, மணிக்கட்டோடு முடிந்துபோன ஒரு கை.

அதன்பிறகு அம்மா என்ன செய்தார் என்பதை இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நேரே அந்த இடத்துக்குப் போகக் கால் வரவில்லை. கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் பலரும் என்னைப்போலத்தானே. பத்துப் பன்னிரண்டு வயதில் இந்த நாட்டில் வந்து இறங்கி, ஆறு மாதத்தில் டொய்ச் மொழியைப் பிடித்து, அடுத்த நாளிலிருந்து வீட்டுக்கே வாயாகிப் போனவர்கள். வைத்தியரிடம் அம்மாவின் வயிற்றுக்குத்தைச் சொன்னோம். சமூகநல அலுவலகத்தில் அப்பாவின் கோபத்தை மரியாதையாக மாற்றிச் சொன்னோம். வீட்டுக்கு வந்த கெட்ட செய்தியையெல்லாம் முதலில் வாசித்தவர்கள் நாங்கள்தான். இப்போது நமக்கு ஐம்பது தாண்டுகிறது. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே வீடு முழுக்கத் தேடுகிறோம். எனக்கு ஆட்களின் முகங்கள் கலங்கிப்போய்விட்டன. அவர்கள் சொன்ன சொற்கள் மட்டும், சொன்ன குரலோடேயே நிற்கின்றன.

பெர்லின் மதில் விழுவதற்கு இரண்டு மூன்று வருடம் முந்திய கோடை அது. கார்ல்ஸ்ரூஹேக்குத் தெற்கே, ரைன் ஆற்றோரம் ஒரு சின்ன ஊரில் எங்களை விட்டிருந்தார்கள். ஹைம் என்று நாங்கள் சொல்லும் அந்த அகதி விடுதி, முன்னொரு காலத்தில் சுருட்டுத் தொழிற்சாலை. எத்தனையோ வருடம் புகையிலை காய்ந்த சுவர்கள். மழை பெய்தால் மணம் எழும்பும். அப்பா சுவரோடு மூக்கை வைத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டுச் சொல்வார்: "எங்கட புகையிலையின்ரை காரம் இல்லை. எண்டாலும் பரவாயில்லை, சுவராவது எங்கட பக்கம்."

ஒவ்வொரு மாடிக்கும் ஒரு குளியலறை. வெந்நீர் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகுதான் வரும். அதற்கு முன் குழாயைத் திறந்தால் பல் கிட்டும். அப்படிப்பட்ட தண்ணீரில் அம்மா ஒருநாள் பட்டப்பகலில், உடுத்த சேலையோடு, தலையில் வாளி வாளியாக வார்த்ததை அந்த வருடத் தொடக்கத்தில் பார்த்தேன். ஊரிலிருந்து கடிதம் வந்திருந்தது. அம்மாவின் சின்னம்மா இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. "சொந்தத்தின்ரை சாவு காதிலை விழுந்தால் அந்த இடத்திலையே முழுகவேணும் பிள்ளை. சுடுதண்ணி வாற நேரம் பாத்தே சாவு வருது?" என்றார், உதடு நீலமாக. அறிந்தவர் தெரிந்தவர் செத்தால் அம்மா 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போவார். முழுகுவது சொந்தத்துக்கு மட்டும்தான்.

அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை அந்த வட்டாரத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்பது சட்டம். ஆற்றுக்கு இந்தக் கரை ஜெர்மனி, அந்தக் கரை பிரான்ஸ். எங்கள் ஊரில் பாலம் இல்லை. கார்களை ஏற்றிக்கொண்டு ஒரு தட்டைப் படகு போய்வரும். "ஏறினால் அஞ்சு நிமிசம்," என்பார் அப்பா. "ஏறினால் எங்கட கேசும் அஞ்சு நிமிசத்திலை முடிஞ்சுது."

மாமா அந்தப் பக்கத்தில் இருந்தார். அம்மாவின் ஒரே தம்பி. எங்களுக்கு ஒரு வருடம் முன்பே பாரிசுக்குப் போய், அங்கே அறைக்கு எட்டுப் பேராகக் கிடந்து, பிறகு அட்லாண்டிக் கரையிலுள்ள ஒரு தீவில் சாப்பாட்டுக் கடையொன்றில் கோப்பை கழுவப் போனார். உல்லாசப் பயணிகள் வரும் தீவு. அதன் நுனியில்தான் அந்த வெளிச்சவீடு.

இனி கேஸ் அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஹைமில் மூன்றாம் மாடியில் இருந்தவர். எல்லாருக்கும் விண்ணப்பக் கதையை எழுதிக் கொடுப்பவர் என்பதால் அந்தப் பெயர். கெட்டவர் இல்லை. ஒரு சதம் வாங்கியதில்லை. கையில் ஒரு அகராதி, காதில் ஒரு பென்சில். அம்மா தன் கதையைச் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டிக்கொண்டே போனார். வீட்டில் ஷெல் விழுந்தது, நாங்கள் கோயிலில் படுத்தது, மாமாவை ஆமி பிடித்து அடித்து நாலாம் நாள் விட்டது, எல்லாம் உண்மை. முடிவில் பென்சிலைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, உண்மையைத்தான் சொல்லுறீர். ஆனால் எல்லாரும் அந்த உண்மையைத்தான் சொல்லினம். அவங்களுக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. ஒரு சாவு இருந்தால்தான் கேஸ் நிமிரும்."

"எங்கட வீட்டிலை ஒருத்தரும் சாகேல்லையே, அண்ணை."

"சாகேல்லை எண்டு கவலைப்படுற மாதிரியெல்லோ சொல்லுறீர்!" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "தம்பியாரை விட்டது எண்டு எழுதுறதுக்குப் பதிலா, விடேல்லை எண்டு எழுதுவம்" என்றார்.

"ஐயோ, உயிரோடை இருக்கிற பிள்ளையை…"

"பேப்பரிலைதானே. செத்துப்போனான் எண்டு பொய்க்கதை வந்தவனுக்கு ஆயுள் கூட. உமக்குத் தெரியாததோ?"

அம்மாவுக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். யாராவது செத்துவிட்டதாகத் தவறான கதை பரவி, ஆள் உயிரோடு வந்து நின்றால், "உனக்கு ஆயுசு கெட்டி" என்று சொல்லிச் சிரிப்பது நம்மவர் வழக்கம். அந்தச் சிரிப்பைக் கேஸ் அண்ணை எடுத்து ஒரு விண்ணப்பத்துக்குள் வைத்தார். இப்படி ஒரு பிழையை வேறு யாரும் விட்டிருக்க மாட்டார்கள் என்று இப்போது நினைக்கிறேன். அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பாவுக்கு எதற்கும் ஒரே பதில்தான். "பாப்பம்."

எனக்கும் பாடம் நடந்தது. கேஸ் அண்ணை கேட்பார், நான் சொல்ல வேண்டும்.

"உங்கட மாமா எங்கை?"

"செத்துப்போனார்."

"எப்பிடி?"

"ஆமி பிடிச்சது. திரும்பி வரேல்லை."

"கெட்டிக்காரி." சட்டைப் பையிலிருந்து ஒரு கரடி இனிப்பு வரும். சிவப்புக் கரடி வேண்டும் என்று நான் ஒருமுறை அடம்பிடித்ததும் நினைவிருக்கிறது.

விசாரணைக்குக் குறித்துக் கொடுத்த டெர்மின் நாளில் அம்மா அங்கே விக்கி விக்கி அழுதாராம். மொழிபெயர்க்க வந்தவர் தன் கைலேஞ்சியை எடுத்துக் கொடுத்தாராம். திரும்பி வந்ததும், "அழுகை நல்லா வந்ததாம்" என்று கேஸ் அண்ணை அப்பாவின் தோளில் தட்டினார். அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகுதான் படம் வந்தது. வைகாசி மாதம். கடித உறைக்குள் மெழுகுத் தாளில் சுற்றி. மாமா நீலக் கட்டம்போட்ட சமையலறைக் காற்சட்டையோடு, பல்லெல்லாம் தெரிய நிற்கிறார். வலது கையை நீட்டி உள்ளங்கையை விரித்திருக்கிறார். தூரத்தில் நிற்கும் வெளிச்சவீடு அந்த உள்ளங்கையில் வைத்த மெழுகுதிரிபோல நிற்கிறது. படம் எடுத்தவர் கெட்டிக்காரர்; ஒரு மயிரிழை பிசகவில்லை. பின்பக்கத்தில் மாமாவின் கையெழுத்து: "அக்கா, பிரெஞ்சுக்காரன்ரை வெளிச்சவீட்டை நான்தான் தாங்கிக்கொண்டு நிக்கிறன். கை நோகுது. கெதியா வாங்கோ."

அம்மா அதைச் சுவரில் குத்தினார். இரண்டு நாள் கழித்துக் கேஸ் அண்ணை வந்தார், பார்த்தார், கதவைச் சாத்தினார்.

"உமக்கு விசரோ? சமூகநல மனிசி வந்து ஆரிது எண்டு கேட்டால் என்ன சொல்லுவீர்? செத்தவன் சிரிச்சுக்கொண்டு நிக்கிறான் எண்டோ?"

அவர் போனபிறகு அம்மா கத்தரிக்கோலை எடுத்தார். முதலில் மாமாவின் முகம் மட்டும் போனால் போதும் என்று பார்த்தார். பிறகு முழு உடம்பும் போகவேண்டியதாயிற்று. தோள், முழங்கை. கத்தரிக்கோல் மணிக்கட்டுக்கு வந்தபோது நான் கத்தினேன்: "அம்மா, கையை வெட்டாதேங்கோ! கையை எடுத்தால் கோபுரம் விழுந்திடும்!"

அம்மா சிரித்தார். நெடுநாளைக்குப் பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் அந்தக் கை சுவரில் மிஞ்சியது. நான் கத்தாமல் இருந்திருந்தால் என்று இந்த வயதிலும் நினைத்துப் பார்க்கிறேன்.

வெட்டிய பாதியை அரிசி வாளிக்குள் புதைத்து வைத்தார். எப்போதாவது அரிசி எடுக்கும்போது மாமா பல்லைக் காட்டிக்கொண்டு மேலே வருவார். அம்மா ஊதித் துடைத்து மறுபடி உள்ளே தள்ளுவார். பிற்காலத்தில் வேறு வீட்டுக்கு மாறிய குழப்பத்தில், வண்டு விழுந்த அரிசியென்று யாரோ வாளியோடு கொட்டிவிட்டார்கள். சுவரில் இருந்த பாதியும் இப்போது இல்லை.

மாமாவின் கடிதங்களை அம்மா சத்தம்போட்டு வாசிப்பார். அவர் கதைப்பதைப்போலவே எழுதுவார். "இங்கத்தைக் கடலுக்கும் வேலை இருக்குது, அக்கா. காலமை வெளிக்கிட்டுப் போயிடும். கண்ணுக்கெட்டின தூரம் மட்டும் சேறும் கல்லும்தான். பின்னேரம் களைச்சு விழுந்து வீட்டை வரும்." எங்கள் ஊர்க் கடல் அப்படியில்லை. முழங்காலளவு தண்ணீரில் அரை மைல் நடந்து போகலாம். அது எங்கேயும் போகாது, எங்கிருந்தும் ஓடி வராது. அதனால் அந்த வரி எங்களுக்குப் பெரிய பகிடி. "கடல் வேலையாலை வந்திட்டுதோ?" என்று பின்னேரங்களில் அப்பாவிடம் கேட்டுச் சிரிப்போம்.

கடல் போனபிறகு அங்கே கல்லடுக்கிய வளைந்த மதில்கள் தெரியுமாம். உள்ளே அகப்பட்ட மீனும் நண்டும் துள்ளுமாம். "எங்கட மீன்பிடிக் களங்கட்டி மாதிரித்தான். நாங்கள் தடி நடுறம், அவங்கள் கல்லு வைக்கிறாங்கள்." வாளியைத் தூக்கிக்கொண்டு போய் நண்டு பிடித்துக் கறி வைத்ததையும், கடை முதலாளி மூக்கைச் சிந்திச் சிந்திச் சாப்பிட்டதையும் எழுதியிருந்தார்.

வெளிச்சவீட்டைப் பற்றி எழுதாத கடிதமே இல்லை. ராசாக்கள் காலத்துப் பழைய கோபுரம் ஒன்று அங்கே இருந்ததாம். அதற்குப் பக்கத்திலே இந்த உயரமான கோபுரத்தைப் பிறகு கட்டினார்களாம். உள்ளே சங்குபோலச் சுற்றிச் சுற்றி ஏறும் கற்படிகளாம். பொழுதுபட்டால் அதன் வெளிச்சம் அவர் கோப்பை கழுவும் தொட்டிக்கு மேலே உள்ள யன்னலால் வந்து போகுமாம். "நாலு வெட்டு. பிறகு இருட்டு. ஒரு இருட்டுக்கு ஒரு கோப்பை கழுவிறன், அக்கா. அதுதான் எனக்கு மணிக்கூடு."

பதில் எழுதும்போது உறையின் பின்பக்கத்தில் எங்கள் முகவரியைப் போடவேண்டாம் என்று கேஸ் அண்ணை சொல்லியிருந்தார். அம்மா போட்டார். "கடிதம் துலைஞ்சால் திரும்பி வாறதுக்கு ஒரு வாசல் வேணாமே?"

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு ஹைம் வாசலில் இருந்த தொலைபேசிக் கூண்டு மணியடிக்கும். அது மாமா. ஆனி மாதத்து ஞாயிறொன்றில் அவர் சொன்னார்: "ரெண்டு நாள் லீவு தந்திருக்கிறாங்கள். வாற ஞாயிறு ஆத்துக்கு அங்காலை வந்து நிப்பன். வெளிச்சம் காட்டுறன், அதைப் பாத்து ஆளைக் கண்டுபிடியுங்கோ."

அம்மா அன்றைக்கு நீலச் சேலை கட்டினார். விடியவே எழும்பி இடியப்பமும் சொதியும் செய்து கட்டிக்கொண்டார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு எப்படிக் கொடுப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. கரையில் புல் உயரமாக வளர்ந்திருந்தது, பக்கத்தில் படகுத்துறை. ஆறு பழுப்பாக, அவசரமாகப் போய்க்கொண்டிருந்தது. அக்கரை மரங்களுக்குக் கீழே திடீரென்று ஒரு மின்னல். பிறகு இன்னொன்று. நாலு வெட்டு. பிறகு இருட்டு. மறுபடி நாலு.

"சட்டி மூடி!" என்றார் அப்பா. "கடையிலை இருந்து சட்டி மூடியைக் கொண்டந்திருக்கிறான், படுபாவி!"

அம்மா தண்ணீர் விளிம்புவரை ஓடினார். "டேய்! சாப்பிட்டியோடா?"

அக்கரையிலிருந்து ஏதோ வந்தது. காற்றும் ஒரு கப்பலின் இரைச்சலும் அதைத் தின்றுவிட்டன. "…க்கா" என்பது மட்டும் கேட்டது. கட்டைவிரலளவு மனிதர், வெள்ளைச் சட்டை, இரண்டு கைகளும் மேலே. அம்மா பொதியை உயர்த்திக் காட்டினார். பிறகு அதைப் புல்லில் வைத்து அவிழ்த்து, "நீங்கள் சாப்பிடுங்கோ. அவன் பாக்கட்டும்" என்றார். நானும் அப்பாவும் இடியப்பத்தைத் தின்றோம், மாமாவுக்குத் தெரியும்படி கையை உயர்த்தி உயர்த்தி.

நாயோடு வந்த ஒரு ஜெர்மன் வயோதிபர் எங்களையும் அக்கரையையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்த ஆளை உங்களுக்குத் தெரியுமா?" என்று என்னிடம் கேட்டார். நான் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா திரும்பவேயில்லை.

"தெரியாதெண்டு சொல்லு."

சொன்னேன். "தெரியாத ஆட்களுக்கு நல்லாத்தான் கைகாட்டுகிறார்" என்று சொல்லிவிட்டு அவர் நாயோடு போனார்.

அந்த நேரத்தில்தான் படகு இந்தக் கரைக்கு வந்து, இரும்புப் பலகையைத் தரையில் போட்டது. சைக்கிள்களோடு ஒரு குடும்பம் ஏறியது. அம்மா எழும்பினார். பலகையின் மேல் இரண்டு அடி வைத்துவிட்டார். அவருடைய செருப்புச் சத்தம் அந்த இரும்பில் கேட்டது. அப்பா பின்னால் போய் முந்தானையைப் பிடித்தார்.

"கொஞ்சம் பொறும். முடிவு வரட்டும். பிறகு நேரையே போய்ப் பாப்பம்."

அம்மா முந்தானையை இழுக்கவும் இல்லை, திரும்பவும் இல்லை. படகுக்காரர் எங்களைப் பார்த்தார், வருகிறீர்களா என்று கேட்பதுபோல. பிறகு சங்கிலியைப் பூட்டினார். அக்கரையில் வெகுநேரம் வெட்டிக்கொண்டிருந்த வெளிச்சம், வெயில் மரத்துக்குப் பின்னால் போனபோது நின்றது.

இந்த இடத்தில், பின்னால் தெரியவந்த ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் தாங்கமாட்டேன்.

அம்மா போன மாரியில் காலமானார். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். வீட்டை ஒதுக்கும்போது பழைய கோப்பு ஒன்று அகப்பட்டது. அதற்குள் நாங்கள் இந்த நாட்டில் இருக்கலாம் என்று வந்த முடிவுக் கடிதம். அந்த நாளில் முதல் வரியையும் முத்திரையையும் மட்டும்தான் வீட்டில் வாசித்துக் காட்டினேன். மிச்சத்தை ஒருவரும் கேட்கவில்லை, நானும் வாசிக்கவில்லை. இப்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தேன். ஊரின் பொதுநிலைமை, குழந்தையோடு திருப்பி அனுப்ப முடியாத நிலை, வீடு அழிந்தது. எல்லாம் அம்மாவின் உண்மைகள். மாமாவுக்கு ஒரேயொரு வரி. விண்ணப்பதாரியின் சகோதரர் கொல்லப்பட்டது உண்மையா இல்லையா என்பதை ஆராய வேண்டிய தேவை எழவில்லை.

தேவை எழவில்லை. அந்த வரியை வாசித்துவிட்டு, அம்மாவின் வெறுங்கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

இந்த இளவேனிலில் அந்தத் தீவுக்குப் போனேன். இப்போது எல்லையில் ஒருவரும் எதையும் கேட்பதில்லை. மூச்சு வாங்க வாங்க அந்தப் படிகளில் ஏறினேன். மேலேயிருந்து பார்த்தபோது கடல் வேலைக்குப் போயிருந்தது. கல் மதில்கள் வளைந்து வளைந்து கிடந்தன. ஊர் அலுவலகத்தில் ஒரு பெண் மாமாவின் பெயரைப் பொறுமையாகத் தேடிப் பார்த்தாள். யாரும் உரிமை கோராத பழைய புதைகுழிகளைச் சில வருடங்களில் கிளறி, எலும்புகளை எல்லாருக்கும் பொதுவான இடத்தில் சேர்த்துவிடுவார்களாம். பிறகு அவள் கேட்டாள், "நீங்கள் அவருக்கு என்ன உறவு?"

என்னிடம் கடதாசி ஒன்றும் இல்லை. இருக்கும் கடதாசியின்படி என் மாமா ஊரில், ஆமியின் கையில் செத்தவர். "தெரிந்தவள்" என்றேன்.

இனி அந்தப் பின்னேரம்.

புரட்டாதி பிறந்து இரண்டு ஞாயிறு கூண்டு மணியடிக்கவில்லை. முதல் ஞாயிறு அம்மா ஒரு மணிவரை நின்றார். இரண்டாவது ஞாயிறு மழை. குடையைப் பிடித்தபடி பின்னேரம்வரை நின்றார். வேறு யாரோ பேசுவதற்கு உள்ளே போனபோது, "கெதியா முடியுங்கோ, என்ரை தம்பி எடுப்பான்" என்று சத்தமாகச் சொன்னார். அப்பா ஓடிப்போய்க் கையைப் பிடித்தார்.

அடுத்த செவ்வாய் பொலிஸ்காரர் வந்தார். அப்பா நகரசபைப் பூங்காவில் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். வந்தவர் வாசலில் சப்பாத்தைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தார். பெரியவர் யாராவது டொய்ச் பேசுவார்களா என்று கேட்டார். இல்லையென்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. தொப்பியை இரண்டு முறை திருப்பினார். பிறகு சின்னச் சின்ன வசனமாகச் சொன்னார், நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வசதியாக.

பிரான்சில் ஒரு தீவு. அங்கே ஓர் ஆள் கடலில் அகப்பட்டு இறந்துவிட்டார். கடல் வற்றியபோது உள்ளே போயிருக்கிறார். கடல் திரும்பி வரும் நேரம் அவருக்குத் தெரியவில்லை. வெளிச்சவீட்டுக்குக் கீழே, கற்களுக்கு நடுவில் கண்டெடுத்தார்கள். அவருடைய அறையில் கடிதங்கள் இருந்தன. எழுத்தை ஒருவராலும் வாசிக்க முடியவில்லை. பின்பக்கத்தில் இந்த முகவரி.

நான் அம்மாவிடம் திரும்பினேன். மாமா என்ற சொல்லை நான் சொல்லக்கூடாது என்று எனக்குத் தெரியும். பாடம் அவ்வளவு நன்றாக ஏறியிருந்தது.

"அம்மா, அந்தத் தீவிலை ஒராள்… கடல் திரும்பி வரேக்கை அகப்பட்டு…"

அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் அசையவில்லை. கட்டில் விரிப்பின் ஓரத்தை மட்டும் விரல்கள் சுருட்டின.

"கையிலை வாளி இருந்ததாமோ எண்டு கேள்."

கேட்டேன். பொலிஸ்காரர் ஆச்சரியத்தோடு தாளைப் பார்த்தார். "ஆமாம். ஒரு வாளி. எப்படித் தெரியும்?"

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. "வாளி இருந்ததாம்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் மெதுவாகத் தொடர்ந்தார். உறவினர் இருந்தால் உடலைக் கேட்கலாம். வேண்டிய ஒழுங்குகளுக்கு உதவி கிடைக்கும். உறவினர் இல்லையென்றால் அந்த ஊரே அடக்கம் செய்துவிடும். இன்று பதில் தெரிய வேண்டும். உங்கள் அம்மா அவருக்கு என்ன முறை?

எங்கள் விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. தம்பி என்று ஒரு சொல் சொன்னால் மாமாவின் உடல் வரும். கூடவே எங்கள் கதை பொய்யென்பதும் வரும். நாங்கள் மூன்று பேரும் திரும்பப் போகவேண்டி வரும். இதெல்லாம் பதினொரு வயதில் எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்திருக்கலாம்.

"ஒரே ஊர். தெரிஞ்ச ஆள். அவ்வளவுதான் எண்டு சொல்லு."

சொன்னேன். அவர் எழுதினார். ஒரு தாளை எடுத்து, உறவு இல்லை என்பதற்குக் கையொப்பம் வேண்டும் என்றார். தாளை வைக்க இடம் தேடித் திரும்பியபோதுதான் தலைக்கு மேலே இருந்த படத்தைக் கண்டார். எழுந்து கிட்டப் போனார். மூக்கு முட்டும்வரை குனிந்து பார்த்தார்.

"இது அந்தத் தீவின் வெளிச்சவீடு. எனக்கு அனுப்பிய கடதாசியிலும் இதன் படம் இருக்கிறது." பிறகு விரலை நீட்டி, தொடாமல் நிறுத்தினார். "இந்தக் கை யாருடையது?"

மறுபடி கதிரையில் உட்கார்ந்து காத்திருந்தார். நான் அம்மாவிடம் சொன்னேன். அப்போதுதான் அம்மா அதைச் சொன்னார். படம் கடையில் வாங்கியது, அந்தக் கை யாருடையதோ, எனக்கு அப்படியொரு தம்பி இல்லை.

நான் ஒவ்வொரு சொல்லாக அடுக்கிச் சொன்னேன். ஒன்றைக்கூட விடவில்லை. பொலிஸ்காரர் அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "நிச்சயமாகவா? இன்னொரு முறை கேள். நேரம் இருக்கிறது" என்றார்.

கேட்பதற்குத் திரும்பினேன். அம்மா எழும்பிவிட்டார். கதவைத் திறந்து, செருப்புப் போடாமல், நடைபாதையால் நடந்துபோனார். குளியலறைக் கதவு திறந்தது. வாளி சிமெந்துத் தரையில் இழுபட்டது. குழாய் திறந்தது.

"அம்மா எங்கே போகிறார்?"

"குளிக்க."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இப்போதா?"

அதற்கு என்னிடம் டொய்ச்சில் ஒரு சொல் இல்லை. நாங்கள் இருவரும் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒரு வாளி. நிறையும் வரை இடைவெளி. மறுபடி ஒரு வாளி. அழுகைச் சத்தம் எதுவும் இல்லை. நாலு தரம் விழுந்து, பிறகு நின்றது.

அம்மா உடுத்த சேலையோடு நனைந்து, தலைமயிர் அவிழ்ந்து, தரையெல்லாம் ஈரமாக உள்ளே வந்தார். கட்டில் ஓரத்தில் அதே இடத்தில் உட்கார்ந்தார். பொலிஸ்காரரின் மடியில் இருந்த பேனைக்குக் கையை நீட்டி, நீலமான உதட்டோடு என்னைப் பார்த்து, எந்த இடத்தில் கையெழுத்து வைக்கவேண்டும் என்று கேட்டார்.